கூரஸ்: மஞ்சள் அரண்மனையும் கடலுக்கடியில் வெட்டிய கரியும்

நெய்தல்வாசி

ஸ்காட்லாந்து சுற்றுலா இழையில் வழிப்போக்கன் போன வாரம் எழுதியிருந்தார்: கூரஸ் போனோம், மஞ்சள் அரண்மனை முன்னால் படம் எடுத்தோம், அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, கிளம்பிவிட்டோம் என்று. படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. டன்ஃபெர்ம்லினில் என் வீட்டிலிருந்து அந்த ஊர் பதினொரு கிலோமீட்டர்தான். ஒன்பது வருடமாகப் போய்வருகிறேன், இன்னும் பார்த்து முடியவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'குல்ராஸ்' என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது. 'கூரஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோர்த் கழிமுகத்தின் வடகரையில், ஃபைஃப் பகுதியின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இன்று 400 பேர் அளவில் வசிக்கும் சின்ன கிராமம். வெள்ளையும் மஞ்சளுமாகச் சுண்ணாம்பு பூசிய வீடுகள், சிவப்பு ஓடு, உருண்டைக் கல் பதித்த ஏற்றமான சந்துகள். எல்லாரும் படம் எடுப்பது இதைத்தான்.

ஆனால் அந்த ஊர் அழகுக்காகக் கட்டப்பட்டதில்லை. கரியும் உப்பும் இரும்பும் ஓடிய தொழில் ஊர் அது. அரண்மனை என்கிறார்களே, அதில் எந்த அரசனும் குடியிருந்ததில்லை. ஜார்ஜ் புரூஸ் என்ற கரி வியாபாரியின் வீடு. அடுத்த முறை போனால் மாடி ஜன்னல்களுக்கு மேலே இருக்கும் முக்கோணக் கல்லை அண்ணாந்து பாருங்கள். ஒன்றில் அவர் பெயரின் முதலெழுத்துகளும் 1597 என்ற ஆண்டும் இருக்கும். இன்னொன்றில் 1611, அதில் எழுத்து ஒன்று கூடியிருக்கும். நடுவில் அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்துவிட்டது. பட்டம் வந்ததும் வீட்டை நீட்டிக் கட்டி, அந்த எழுத்தையும் சேர்த்துச் செதுக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு மனிதர் மேலேறியதை அந்த இரண்டு கற்களிலேயே படித்துவிடலாம்.

அந்தப் பணம் வந்த இடம் வீட்டுக்கு எதிரே, கடலுக்குள் இருக்கிறது. அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வழிப்போக்கன்

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். பேருந்தில் வந்தவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள், அதில் பாதி சாப்பாட்டுக்குப் போய்விட்டது. கூட வந்த வழிகாட்டி, 18ஆம் நூற்றாண்டுக் கதை சொல்லும் ஒரு தொலைக்காட்சித் தொடரை இங்கே படம்பிடித்தார்கள் என்று சொல்லிச் சந்தைச் சிலுவையை, அதாவது பழைய சந்தை இடத்தில் நிற்கும் கல் தூணைக் காட்டினார். கரி, சுரங்கம் என்று ஒரு வார்த்தை காதில் விழவில்லை. கடல் பக்கம் பார்த்தேன். சேறும், தூரத்தில் எண்ணெய் ஆலைகளும்தான் தெரிந்தன. கடலுக்குள் சுரங்கம் என்றால் எப்படி? 400 வருடத்துக்கு முன்பா?

நெய்தல்வாசி

400 வருடத்துக்கு முன்பேதான். கேளுங்கள்.

கூரஸில் கரி வெட்டத் தொடங்கியவர்கள் துறவிகள். மேட்டில் இருக்கும் மடாலயம் 1217இல் ஃபைஃப் பிரபு மால்கம் நிறுவியது, சிஸ்டெர்ஷியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகளுடையது. ஸ்காட்லாந்து புராட்டஸ்டண்டாக மாறிய மதச் சீர்திருத்தத்தில் மடம் போனது, சுரங்கமும் கைவிடப்பட்டது. 1575இல் புரூஸ் அதைக் குத்தகைக்கு எடுத்தார். கரிப் படுகை நிலத்தில் நிற்காமல் சரிந்து கடலுக்கடியில் போகிறது என்று அவருக்குத் தெரியும். கரையிலிருந்து குடைந்துகொண்டே போனால் தூரம் கூடக்கூட கரியை வெளியே கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் அவர் செய்ததுதான் பெரிய வேலை: ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், இறங்கும்போது வெளியே தெரியும் சேற்றுத் தரையில் வட்டமாகக் கல் சுவர் எழுப்பி, அதற்குள்ளே கீழ்நோக்கி ஒரு கிணறு வெட்டினார். ஓதம் ஏறினாலும் சுவர் தண்ணீருக்கு மேலே நிற்கும், சின்னத் தீவு மாதிரி. கரையிலிருந்து வரும் குடைவும் இந்தக் கிணறும் அடியில் சந்தித்தன. கப்பல் நேரே அந்தத் தீவை அணைந்து நின்று கரி ஏற்றிக்கொண்டு போகும். கரைக்கே வர வேண்டாம்.

இதைத்தான் 'மோட் பிட்' என்கிறார்கள். 1590களில் வெட்டியது. கடலுக்கடியில் கரி வெட்டிய வேலைகளில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று.

சுரங்கத்தடி

முப்பது வருடம் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நெய்தல்வாசி சொன்னதில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: காற்று. ஒற்றை வழியுள்ள குடைவில் ஓரளவுக்கு மேல் மூச்சு நிற்காது. இரண்டு வாய் இருந்தால் ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறும், காற்று தானாக ஓடும். கடல் நடுவில் வெட்டிய அந்தக் கிணறு கப்பலுக்கு வசதி என்பது சரிதான். ஆனால் உள்ளே இருந்தவனுக்கு அதுதான் மூக்கு.

அடுத்தது தண்ணீர். கடலுக்கடியில் போனால் கசிவு நிற்கவே நிற்காது. எப்படி இறைத்தார்கள்? நீராவி எந்திரம் வர இன்னும் நூறு வருடம் இருக்கிறதே. யாருக்காவது தெரியுமா?

ஏட்டுச்சுவடி

தெரியும் ஐயா, பார்த்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். ஜான் டெய்லர், லண்டன் தேம்ஸ் நதியில் படகோட்டி, கவிஞரும்கூட. 1618இல் கையில் காசில்லாமல் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு நடந்தே வந்தார். வந்தவர் கூரஸ் சுரங்கத்துக்குள் இறங்கியும் பார்த்தார். மூன்று குதிரைகள் சுற்ற, பெரிய இரும்புச் சங்கிலி ஒன்று ஓடுகிறது. அதில் 36 வாளிகள். எப்போதும் 18 வாளி காலியாக இறங்கிக்கொண்டிருக்கும், 18 வாளி நிரம்பி ஏறிக்கொண்டிருக்கும். செக்கு சுற்றுவதுபோலக் குதிரை சுற்ற, வாளிமாலை ஓடியிருக்கிறது.

ஒரு மைலுக்கு மேலேயே கடலுக்கடியில் குடைவு போகிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார். அது பார்த்தவர் கணக்கு, அளந்தவர் கணக்கு இல்லை. இருந்தாலும் இறங்கிப் பார்த்தவரின் வியப்பு அதில் இருக்கிறது.

அவருக்கு முந்தின வருடம், 1617இல், அரசர் ஆறாம் ஜேம்ஸே வந்தார். இங்கிலாந்தின் அரியணை ஏறி லண்டன் போனவர் ஸ்காட்லாந்துக்குத் திரும்பி வந்தது அந்த ஒரே முறைதான். கரையில் இறங்கிச் சுரங்கம் வழியாக நடந்து மோட் பிட் வழியே மேலே வந்தார். வந்து பார்த்தால் சுற்றிலும் கடல்! தன்னைக் கொல்லத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று பயந்து "துரோகம்!" என்று அலறினாராம். புரூஸ் பக்கத்தில் கட்டியிருந்த படகைக் காட்டி, வந்த வழியே போகிறீர்களா, படகில் போகிறீர்களா என்று கேட்டு அமைதிப்படுத்தினார் என்று ஊரில் சொல்வார்கள். சின்ன வயதிலேயே கடத்தப்பட்டுச் சிறையிருந்தவர், நாடாளுமன்றத்துக்கடியில் வெடிமருந்து வைத்த சதியிலிருந்து தப்பியவர். அவர் பயந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சுரங்கத்தடி

அருமை. 36 வாளி, மூன்று குதிரை. படிக்கும்போதே சங்கிலிச் சத்தம் கேட்கிறது. ஆனால் ஒரு நாள் குதிரை நின்றால் உள்ளே இருப்பவன் கதி? அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நெய்தல்வாசி

குதிரை நிற்கவில்லை ஐயா, கடல்தான் ஏறியது. 1625 மார்ச்சில் பெரும் புயல். மோட் பிட்டின் சுவர் உடைந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. அதே மாதக் கடைசியில் ஜேம்ஸ் அரசர் லண்டன் பக்கம் இறந்தார், அதே ஆண்டில் புரூஸும் இறந்தார். அதற்குப் பிறகு அந்தச் சுரங்கம் எழவே இல்லை.

மடாலயக் கோயிலுக்குள் புரூஸின் கல்லறை இருக்கிறது. அவரும் மனைவியும் படுத்திருப்பதுபோல் சிற்பம், அடியில் எட்டுப் பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டிருப்பார்கள். வெண்ணிற அலபாஸ்டர் கல். கடைசிக் குழந்தையின் முகத்தில் கல் கொஞ்சம் தேய்ந்திருக்கும். நான் போகும்போதெல்லாம் அங்கேதான் அதிக நேரம் நிற்பேன்.

கல்லுப்பு

உப்பு என்று முதல் பதிவில் சொன்னீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உப்பளம். அந்த ஊர் வெயிலில் உப்பு எப்படி விளையும்?

ஏட்டுச்சுவடி

விளையாது. காய்ச்சினார்கள். அகலமான இரும்புத் தொட்டியில் கடல்நீரை விட்டு, அடியில் கரி எரித்து, நாள் முழுக்கக் கொதிக்க வைத்து உப்பெடுத்தார்கள். கரியும் உப்பும் ஒரே ஊரில் சேர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். கட்டியான நல்ல கரி கப்பலேறி விலைக்குப் போகும். விற்க முடியாத தூள் கரி உப்புத் தொட்டிக்கு அடியில் போகும். எதுவும் வீணாகாது. கொதிக்கும்போது மாட்டு ரத்தம் கொஞ்சம் ஊற்றுவார்கள், அழுக்கெல்லாம் நுரையோடு மேலே திரண்டு வரும், வழித்தெடுப்பார்கள். வாரத்துக்குத் தொண்ணூறு, நூறு டன் உப்பு என்று டெய்லர் எழுதினார்.

அந்த நாளில் கூரஸைத் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு மஞ்சள் சுவர் தெரிந்திருக்காது. வரிசையாகப் புகைதான் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. கரியும் உப்பும் ஏற்றிக்கொண்டு ஹாலந்துப் பக்கம் போன கப்பல்கள் திரும்பி வரும்போது காலியாக வந்தால் ஆடும் அல்லவா, அதற்கு அடிப்பாரமாகச் சிவப்பு ஓடு ஏற்றி வந்தன. இன்று நீங்கள் படம் எடுக்கும் அந்தச் சிவப்புக் கூரைப் பழக்கம் அப்படி வந்ததுதான்.

கல்லுப்பு

கரி எரித்து உப்பா! எங்களுக்குச் சூரியன் இலவசமாகச் செய்து கொடுப்பதை அவர்கள் எவ்வளவு பாடுபட்டுச் செய்திருக்கிறார்கள். அந்த ஆவிக்கும் புகைக்கும் நடுவே நின்று நுரை வழித்தவர்கள் யார்? கூலி எப்படி?

ஏட்டுச்சுவடி

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1606இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கரி வெட்டுபவர், கரி சுமப்பவர், உப்பு காய்ச்சுபவர், இவர்களைப் பழைய முதலாளி கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் வேறு யாரும் வேலைக்கு வைக்கக்கூடாது. சீட்டு இல்லாமல் போய்விட்டால், ஒரு வருடமும் ஒரு நாளும் முடிவதற்குள் பழைய முதலாளி வந்து கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். முன்பணம் வாங்கிவிட்டு ஓடியவனைத் திருடனாகக் கருதித் தண்டிக்கலாம். எதைத் திருடினான்? தன்னையே.

இது பிறகு பரம்பரையாக இறுகியது. குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் அன்று முதலாளி தகப்பன் கையில் ஒரு சின்னத் தொகை கொடுப்பார். அச்சாரம். அதை வாங்கிவிட்டால் தொட்டிலில் கிடக்கும் அந்தப் பிள்ளையும் அதே சுரங்கத்துக்கு. சுரங்கம் கைமாறினால் ஆட்களும் சேர்ந்து கைமாறுவார்கள். காரணமில்லாமல் யாரையும் சிறை வைக்கக்கூடாது என்று 1701இல் ஸ்காட்லாந்தில் ஒரு நல்ல சட்டம் வந்தது. கரிக்காரருக்கும் உப்புக்காரருக்கும் மட்டும் அது பொருந்தாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள்.

1775இல் பாதி விடுதலை, 1799இல்தான் முழு விடுதலை. கிட்டத்தட்ட 200 வருடம். ஆண்கள் வெட்டினார்கள். மனைவியும் மகளும் கூடையில் அந்தக் கரியை முதுகில் சுமந்து ஏறினார்கள். பெண்கள் நிலத்தடியில் வேலை செய்வதை நிறுத்திய சட்டம் 1842இல் வந்தது.

தமிழில் இதற்கு நாம் சொல் தேட வேண்டியதில்லை. கொத்தடிமை.

வழிப்போக்கன்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நான் எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்தேன். அவ்வளவு அழகு.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். போகிற ஒவ்வொருவரும் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போக வேண்டுமா? வருடத்தில் நாலு நாள் விடுப்பு கிடைக்கிறது. மனசுக்கு இதமாக ஒரு தெருவில் நடக்க ஆசைப்படுவதும் நியாயம்தானே? அந்தத் தெரு அழகாகவே இருக்கிறதே.

நெய்தல்வாசி

நியாயம்தான் தம்பி. நானே முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனேன். ஆனால் அந்தத் தெருவின் தரையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

சந்தைச் சிலுவைக்குப் போகும் சந்துகளில் நடுவில் மட்டும் பெரிய தட்டைக் கற்கள் ஒரு வரிசை, தரை மட்டத்துக்குச் சற்று மேலே பதித்திருக்கும். இரண்டு பக்கமும் உருண்டைக் கல், சரிவாக இறங்கும். நடுமேட்டில் நடக்கும் உரிமை பெரிய மனிதர்களுக்கு. மற்றவர்கள் ஓரச் சரிவில், கழிவுநீர் ஓடும் பக்கம் நடக்க வேண்டும். எதிரில் பெரியவர் வந்தால் இறங்கி ஒதுங்க வேண்டும். இன்று எல்லாரும் நடுக்கல்லில்தான் நடக்கிறோம், கால் வழுக்காது என்பதால். எனக்கு இது தெரிந்த பிறகு தெரு அழகு குறையவில்லை. ஒவ்வொரு அடியிலும் யாரோ ஒதுங்கி நிற்பதுபோல ஒரு நினைப்பு வருகிறது, அவ்வளவுதான். அந்த நினைப்போடு நடப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

பூவரசு

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். அடுத்த மாதம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். எடின்பரோவில் இருக்கிறேன், ஒரு நாள் கூரஸ் கூட்டிப் போகலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அப்பாவுக்கு முட்டி வலி. ஏற்றம் அதிகமா? அம்மாவுக்குக் கோயில், கதை என்றால் பிடிக்கும், சுரங்கம் சொன்னால் கேட்பாரா தெரியவில்லை.

நெய்தல்வாசி

அம்மாவுக்குச் சொல்ல நல்ல கதை இருக்கிறது. லோத்தியன் நாட்டு இளவரசி தெனூ. மணமாகாமல் கருவுற்றாள் என்று தகப்பனே அவளை மலையுச்சியிலிருந்து தள்ளச் சொன்னான். பிழைத்துவிட்டாள். பிறகு தோல் படகு ஒன்றில் ஏற்றித் துடுப்பில்லாமல் கடலில் விட்டார்கள். படகு ஒதுங்கிய கரைதான் கூரஸ். அங்கேயே பிள்ளை பெற்றாள். சேர்ஃப் என்ற துறவி இருவரையும் காப்பாற்றிப் பிள்ளையை வளர்த்தார். அந்தப் பிள்ளைதான் பின்னால் கிளாஸ்கோ நகரின் காவல் புனிதரான மங்கோ. கர்ணனைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கதை கேட்டு வளர்ந்த நம் அம்மாக்களுக்கு இது உடனே பிடித்துவிடும். இங்கே தாயையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள். ஊரின் கிழக்கு முனையில் சாலையோரமாக ஒரு சின்ன இடிபாடு இருக்கும். மங்கோ பிறந்த இடம் என்று 1503இல் கட்டிய வழிபாட்டிடம். வண்டியில் போகிறவர்கள் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

அப்பா முட்டிக்கு: அரண்மனை, நகர மன்றக் கட்டடம், கடற்கரைப் புல்வெளி எல்லாம் கீழே சமதரையில். சந்துகள் ஏற்றம், உருண்டைக் கல், மழை பெய்தால் வழுக்கும். மடாலயம் மேட்டின் உச்சியில். அங்கே வண்டியில் போய்விடுங்கள், மேலே ஒரு சாலை வருகிறது. அரண்மனைக்குள் படிகள் குறுகல், அவர் தோட்டத்தில் உட்காரட்டும். 17ஆம் நூற்றாண்டு வீட்டுத் தோட்டம் எப்படி இருந்திருக்குமோ அப்படியே காய்கறி, மூலிகை வளர்க்கிறார்கள். குட்டைக் கால் நாட்டுக்கோழிகள் மேயும், ஸ்காட்லாந்தின் பழைய இனம்.

உங்களுக்கு முடிந்தால் உள்ளே போய், வளைந்த மரக்கூரையில் தீட்டிய ஓவியங்களைப் பாருங்கள். ஒவ்வொரு பலகையிலும் ஒரு படம், ஒரு நீதி. வீட்டுக்குள்ளேயே கல் வளைவு போட்ட ஓர் அறை உண்டு, இரும்புக் கதவோடு. கணக்கும் பணமும் தீயில் போகாமல் இருக்க. வியாபாரி வீடு என்று அங்கே நன்றாகத் தெரியும்.

பூவரசு

ரொம்ப நன்றி அக்கா. அம்மா சமையலறைப் பொருட்களைப் பார்த்தால் நேரம் போவது தெரியாமல் நிற்பார். அப்படி ஏதாவது உண்டா?

ஏட்டுச்சுவடி

கூரஸே அதற்குப் பேர்போன ஊர்! வட்டமான இரும்புத் தட்டு, மேலே வளைந்த கைப்பிடி, அடுப்பு மேல் சங்கிலியில் தொங்கும். அதில் ஓட்ஸ் ரொட்டி சுடுவார்கள். ஸ்காட்லாந்தில் அதற்கு 'கர்டில்' என்று பெயர். நாம் தோசைக்கல் என்று சொல்லிவிடலாம். 1599இல் ஆறாம் ஜேம்ஸ் அந்தத் தொழிலில் கூரஸ் கொல்லர்களுக்குத் தனி உரிமை கொடுத்தார். தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்வது. கூரஸ் தோசைக்கல் வீட்டில் இருப்பது அந்தக் காலத்தில் பெருமை. 1720களில் நீதிமன்றம் அந்தத் தனி உரிமையைக் கைவிடச் செய்தது. 1759இல் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் கேரன் இரும்பாலை வந்து வார்ப்பு இரும்பில் மலிவாக ஊற்றித் தள்ளியது. கூரஸ் கொல்லர் தெரு அடங்கிப்போனது.

சுரங்கத்தடி

கரி போனது, உப்பு போனது, தோசைக்கல்லும் போனது. பிறகு அந்த ஊர் எப்படித் தப்பியது?

நெய்தல்வாசி

வறுமைதான் காப்பாற்றியது ஐயா. புதிதாகக் கட்ட யாரிடமும் பணமில்லை, அதனால் இடிக்கவும் இல்லை. ஒன்பதாவது டண்டோனால்ட் பிரபு ஆர்ச்சிபால்ட் காக்ரேன் 1780களில் ஒரு முயற்சி செய்தார். கரியைச் சூளையில் வாட்டித் தார் எடுத்தார், 1781இல் காப்புரிமையும் வாங்கினார். மரக்கப்பலின் அடியைக் கடல்புழு அரிக்காமல் தார் காக்கும். ஆனால் கடற்படை தாமிரத் தகடு அடிக்கத் தொடங்கிவிட்டது, அவர் சொத்தெல்லாம் கரைந்தது. அவர் மகன் தாமஸ் காக்ரேன் கூரஸில் வளர்ந்தவர், சிலி, பெரு, பிரேசில் விடுதலைப் போர்களில் கடற்படை நடத்தியவர். நகர மன்றம் பக்கத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது.

20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பல வீடுகள் கூரை சரிந்து கிடந்தன. ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை 1931இல் தொடங்கியது. மறு வருடமே அரண்மனையை 700 பவுண்டுக்கு வாங்கினார்கள். பிறகு ஒவ்வொரு வீடாக வாங்கி, சரிசெய்து, ஆட்களைக் குடிவைத்தார்கள். அதனால்தான் இன்றும் ஜன்னலில் துணி காய்கிறது, பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். இதற்காக அந்த அறக்கட்டளைக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

தாழைமடல்

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், வணக்கம். ஒரு விஷயம் விட்டுப்போனது. நகர மன்றக் கட்டடம், 1626இல் கட்டியது, அதன் மேல்மாடம். சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட பெண்களை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். உறங்க விடாமல் நாள் கணக்கில் விழிக்கவைத்து ஒப்புதல் வாங்குவது வழக்கம். சூனியத்தைக் குற்றமாக்கிய சட்டம் 1563 முதல் 1736 வரை ஸ்காட்லாந்தில் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் கிட்டத்தட்ட 4,000 பேர், பெரும்பாலும் பெண்கள்.

கிழக்கே சில மைலில் டோரிபர்ன். அங்கே லிலியாஸ் ஏடி என்ற மூதாட்டி 1704இல் தீர்ப்புக்கு முன்பே சிறையில் இறந்தார். தேவாலய மண்ணில் இடம் கொடுக்கவில்லை. ஓதம் ஏறி இறங்கும் சேற்றில் புதைத்து, எழுந்து வந்துவிடக் கூடாதென்று மேலே பெரிய பாறைப் பலகை வைத்தார்கள். அந்தப் பலகை இன்றும் அங்கே கிடக்கிறது. 2017இல் டண்டீ பல்கலைக்கழகத்தில் மண்டையோட்டின் பழைய படங்களை வைத்து அவர் முகத்தை உருவாக்கினார்கள். சூனியக்காரி என்றதும் நினைவுக்கு வரும் முகமே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி முகம், அவ்வளவு சாதுவாக இருக்கிறது. 2022 மகளிர் தினத்தன்று ஸ்காட்லாந்து முதலமைச்சர் இந்தப் பெண்கள் அனைவருக்காகவும் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்டு அழுதேன்.

நெய்தல்வாசி

வாருங்கள் தாழைமடல், இதைச் சொன்னதற்கு நன்றி. அந்தப் பெண்களுக்காக கூரஸ், வேலிஃபீல்ட், டோரிபர்ன் மூன்று ஊரிலும் கரைவழிப் பாதையில் வட்டத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். பாதை சமதரை, பூவரசின் அப்பாவும் கொஞ்ச தூரம் நடக்கலாம்.

சுரங்கத்தடி

கடைசியாக ஒன்று. கடலுக்கடியில் கரி வெட்டுவது 1625உடன் முடிந்ததா?

ஏட்டுச்சுவடி

இல்லை ஐயா, அதே கழிமுகத்தில் தொடர்ந்தது. பக்கத்து வேலிஃபீல்ட் சுரங்கத்தில் 1939 அக்டோபர் 28 அன்று வெடிவிபத்து, 35 பேர் இறந்தார்கள். 1960களில் அந்தச் சுரங்கத்தையும் தென்கரை கின்னீல் சுரங்கத்தையும் கடலுக்கடியிலேயே இணைத்தார்கள். மேற்கே லாங்கனெட் சுரங்கம், ஸ்காட்லாந்தின் கடைசி ஆழ்சுரங்கம். 2002 மார்ச்சில் தண்ணீர் புகுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதமில்லை, ஆனால் மறுபடி திறக்கவில்லை. புரூஸின் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்ததும் ஒரு மார்ச் மாதத்தில்தான்.

அந்தக் கரியை எரித்த லாங்கனெட் மின்நிலையம் 2016 மார்ச்சில் நின்றது. 183 மீட்டர் புகைபோக்கியை 2021 டிசம்பரில் தகர்த்தார்கள்.

நெய்தல்வாசி

தகர்த்த அன்று நான் வேலையில் இருந்தேன். சாயங்காலம் கூரஸ் கரைக்குப் போனேன். மேற்கே எப்போதும் நிற்கும் அந்த ஒற்றைத் தூண் இல்லை. பக்கத்தில் நாயோடு நின்ற ஒரு பெரியவர், அங்கே வேலை பார்த்தவராம், அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பேசாமல் நின்றேன்.

பூவரசு

போய்வந்துவிட்டோம்! சுருக்கமாகச் சொல்கிறேன். ஓத அட்டவணை பார்த்து நீர் இறங்கும் நேரத்துக்குப் போனோம். சேற்றில் இறங்கவில்லை, கரையிலிருந்தே பார்த்தோம். தண்டவாளத்தைத் தாண்டிப் படகுத்துறைப் பக்கம் போய் நின்றால், தூரத்தில் சேற்றுக்கு நடுவே கறுப்பாக ஒரு கற்குவியல் தெரிந்தது, மோட் பிட்டின் மிச்சம். அப்பாவிடம் தொலைநோக்கி கொடுத்து 36 வாளிக் கதையும் அச்சாரக் கதையும் சொன்னேன். அவர் பேச்சே இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தெனூ கதையைக் கேட்டுவிட்டு, "வயித்துப் பிள்ளைக்காரியை யாரும் இப்படிச் செய்வாங்களா" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இடிபாட்டில் கையிலிருந்த சாமந்திப் பூவை வைத்துவிட்டு வந்தார்.

நீர் ஏறத் தொடங்கி அந்தக் கற்கள் மறையும் வரை நின்றோம். ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது, மடாலயம் பார்க்க நேரமில்லை. அடுத்த ஞாயிறு மறுபடி போகிறோம். வழிப்போக்கன், வருகிறீர்களா? வண்டியில் ஓர் இடம் இருக்கிறது.

வழிப்போக்கன்

வருகிறேன். எத்தனை மணிக்கு நீர் இறங்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.